ஒத்தியக்கம் (சிங்க்ரனைசேஷன்)

வேலூரில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்துக்கொண்டு குடியாத்தத்துக்கோ ஆரணிக்கோ திரும்பும் சில குடும்பங்களின் கையிலுள்ள ரிப்போர்ட்டில் 'பைலேட்டரல் சிங்க்ரனஸ்' என்று இருக்கும். "ரெண்டு பக்கமும் கெட்டுப்போச்சா?" என்று அம்மாக்கள் பதறுவார்கள். அப்படியில்லை. மூளையின் இரு பாதிகளிலும் அலைகள் ஒரே நேரத்தில் எழுகின்றன, அவ்வளவுதான்.

கிரேக்க மொழியில் 'சின்' என்றால் சேர்ந்து, 'க்ரோனோஸ்' என்றால் காலம். ஒரே காலத்தில் நிகழ்வது என்பதே வேர்ப்பொருள்.

1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாக மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். தலையில் ஒட்டும் ஒவ்வொரு வயரும் ஏராளமான நரம்பணுக்களின் மின்னோட்டத்தைக் கூட்டித்தான் காட்டும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் ஆளாளுக்குப் பேசினால் வெளியே வெறும் இரைச்சல்தான் கேட்கும்; எல்லாரும் ஒரே சொல்லைச் சேர்ந்து கத்தினால் கோட்டை வரை கேட்கும். வலிப்பில் அலை பெரிதாவது இப்படித்தான். சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடும் 'ஆப்சென்ஸ்' வகை வலிப்பில், நொடிக்கு ஏறத்தாழ 3 என்ற கணக்கில் முள் போன்ற கூர்முனையும் அதையடுத்து ஓர் அலையுமாக இரு பக்கமும் ஒன்றாக வரும். ஆனால் நரம்பணுக்கள் சேர்ந்து இயங்குவதே நோய் என்று நினைக்க வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்திலும் அவை அப்படித்தான் இயங்குகின்றன.

டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையில் நாட்டின் முதல் நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். மூளை, நரம்பு மருத்துவத்தில் அத்தனை பழக்கமுள்ள ஊரில், நோயாளிக்குப் புரியும் தமிழ்ச்சொல் ஒன்று கட்டாயம் வேண்டும்.

'ஒத்திசைவு' என்று பலர் எழுதுகிறார்கள். செல்போன் 'சிங்க்' ஆவதற்கு அது சரி. ஆனால் இசைவு என்றாலே இணக்கம், சம்மதம் என்ற நல்ல பொருள் வந்து ஒட்டிக்கொள்ளும். பிள்ளை வலிப்பு வந்து துடிக்கும்போது மூளையில் நடப்பதை இசைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'ஒத்தியக்கம்' நல்லது, கெட்டது எதுவும் சொல்லாமல் ஒன்றாக இயங்குவதை மட்டும் சொல்கிறது.

அப்புறம், வலிப்பு என்றாலே எப்போதும் ஒத்தியக்கம் கூடுவது என்றும் சொல்லிவிட முடியாது. வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகத்தின் 2005-ஆம் ஆண்டு வரையறை, நரம்பணுக்களின் இயல்பற்ற செயல்பாடு 'அளவுமீறியதாக அல்லது ஒருசேர' இருக்கும் என்கிறது. அந்த 'அல்லது' முக்கியம். மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்புகள் சிலவற்றில், தொடக்கத்தில் ஒத்தியக்கம் குறைந்து, முடியும் தறுவாயில் கூடுவது பதிவாகியிருக்கிறது. ஆகவே மிகை ஒத்தியக்கம், ஒத்தியக்கக் குறைவு என்ற இரண்டு சொற்களும் நமக்குத் தேவை.