கார்பன் பிடிச்சு பூமிக்குள்ள வைக்க வெளிநாட்டு உதவி: எந்த ஆபீஸ், யார் கையெழுத்து, எங்க மாட்டுவீங்க

சிசிஎஸ்னா என்னனு ரெண்டு வரியில சொல்லிடுறேன். பவர் பிளான்ட், சிமென்ட் ஆலைப் புகையில இருக்குற கார்பன் டை ஆக்சைடைப் பிரிச்சு, அழுத்தி, பூமிக்குள்ள ரொம்ப ஆழத்துல இருக்குற பாறையில செலுத்தி மூடி வைக்கிறது. நார்வேயோட ஸ்லைப்னர்ங்கிற கடல் எரிவாயு வயல்ல 1996லேர்ந்து பண்றாங்க, ஆரம்பத்துல பல வருஷம் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டன் வரைக்கும் செலுத்தினாங்க. இதுக்கு நாடுகளுக்குள்ள ஏகப்பட்ட மன்றம், கூட்டமைப்பு, மந்திரிகள் மாநாடு எல்லாம் இருக்கு. அதுல எதுலயாவது உங்க நாடு மெம்பர்னா உங்களுக்கு ஏதோ வரும்னு நினைக்காதீங்க, நாட்டோட மெம்பர்ஷிப்னால உங்களுக்குத் தனியா எந்த உரிமையும் வந்துடாது, குரூப் போட்டோல நிக்கலாம் அவ்வளவுதான்.

வளரும் நாட்டுல இருக்குறவங்க உண்மையிலயே கேட்டு வாங்கக்கூடிய ஒண்ணு சிடிசிஎன்னோட தொழில்நுட்ப உதவி. 2010ல கான்கூன்ல நடந்த ஐநா காலநிலை மாநாட்டுல முடிவாகி, ஐநா சுற்றுச்சூழல் திட்டத்துக்குக் கீழ நடக்குற காலநிலைத் தொழில்நுட்ப மையம் அது. உதவி இலவசம். ஒரு கோரிக்கைக்கு 2,50,000 டாலர் மதிப்பு வரைக்கும் செய்வாங்க. இந்த நம்பரைப் பாத்துத்தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அந்தப் பணத்துல ஒரு டாலர்கூட உங்க அக்கவுண்டுக்கு வராது. சிடிசிஎன் தன் நெட்வொர்க்ல இருக்குற நிறுவனங்கள்கிட்ட டெண்டர் மாதிரி கேட்டு, ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, அவங்களுக்குப் பணம் குடுத்து உங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கும். உங்க கைக்கு வர்றது ஆய்வறிக்கை, பயிற்சி, எந்தப் பாறை தாங்கும்ங்கிற மதிப்பீடு, சட்ட வரைவு, இந்த மாதிரி. கம்ப்ரஸர் வாங்க, கிணறு தோண்டக் காசு இதுல இல்லவே இல்ல. கிராண்ட் வந்துடும்னு நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு மாட்டிக்கிட்ட ஒரு சின்ன ஆராய்ச்சிக் குழுவை எனக்குத் தெரியும், அவங்ககிட்ட இதை ஒருத்தரும் முன்னாடியே வாயத் தொறந்து சொல்லல.

அடுத்த சிக்கல் கையெழுத்து. கோரிக்கையை யார் வேணா எழுதலாம், பல்கலைக்கழகம், கம்பெனி, தொண்டு நிறுவனம் எல்லாரும். ஆனா உங்க நாட்டோட என்டிஇ, அதாவது தொழில்நுட்பத்துக்குனு அரசு நியமிச்ச ஆபீஸ், கையெழுத்துப் போட்டு அவங்கதான் அனுப்பணும். நீங்க நேரா அனுப்பினா எடுத்துக்க மாட்டாங்க. இதே மாதிரி பேர்ல இன்னும் ரெண்டு ஆபீஸ் இருக்கு: பசுமைக் காலநிலை நிதிக்கு என்டிஏ, பழைய கார்பன் கிரெடிட் முறைக்கு டிஎன்ஏ. மூணும் வேற வேற அமைச்சகத்துல இருக்கலாம், ஒரே அமைச்சகத்துல வேற வேற மாடியிலயும் இருக்கலாம். தப்பான ஆபீஸ்ல குடுத்தா "இது எங்ககிட்ட வராது"னு உடனே சொல்லிட்டாலாவது நல்லது, வாங்கி வெச்சுக்கிட்டு மாசக்கணக்குல ஃபைலுக்குள்ள தூங்க விட்டுட்டு அப்புறம் சொல்றாங்க பாருங்க, அதுதான் கொடுமை. என்டிஇ யாருனு சிடிசிஎன் வெப்சைட்ல நாடு வாரியா போட்டிருக்கு. அதுல இருக்குற அதிகாரி மாறிப் போயிருக்கலாம், அதனால ஈமெயில் மட்டும் போட்டுட்டு உக்காராதீங்க, போன் பண்ணி இப்ப யாருனு கேட்டு, குடுத்த பேப்பருக்குத் தேதி போட்ட சீல் வாங்கிடுங்க. சீல் இல்லைன்னா நீங்க வந்ததுக்கே சாட்சி இல்ல.

ஃபார்ம் எழுதுறப்போ கவனிக்க வேண்டியது, உங்க நாடு பாரிஸ் ஒப்பந்தத்துக்குக் கீழ குடுத்த காலநிலைத் திட்டத்தோட உங்க கோரிக்கை ஒத்துப்போகுதானு பாப்பாங்க. அந்த ஆவணத்துல சிசிஎஸ் பத்தி ஒரு வரிகூட இல்லைன்னா நீங்க எவ்வளவு நல்லா எழுதினாலும் பலவீனம்தான். அப்படி ஒரு வரியும் இல்லாம இருந்தா சிமென்ட், ஸ்டீல் மாதிரி தொழில்ல உமிழ்வைக் குறைக்கிறதுனு என்ன எழுதியிருக்காங்களோ அந்த வரியைப் பிடிச்சு, பக்க எண்ணோட ஃபார்ம்ல போடுங்க. அதிகாரி தேடிப் பாப்பாருனு நம்பாதீங்க.

பெரிய காசு வேணும்னா பசுமைக் காலநிலை நிதி, ஆபீஸ் தென்கொரியாவுல. அங்கயும் நீங்க நேரா போக முடியாது, அவங்க அங்கீகாரம் குடுத்த ஒரு நிறுவனம் வழியாத்தான் போகணும், கூடவே என்டிஏகிட்ட ஆட்சேபணை இல்லைனு கடிதம். அந்த அங்கீகார நிறுவனத்துக்கு உங்க சின்னத் திட்டத்துல ஆர்வம் வர்றதே கஷ்டம். யாராவது "நான் வாங்கித் தரேன், முதல்ல கன்சல்டன்சி ஃபீஸ் கட்டுங்க"னு வந்தா அங்கீகாரப் பட்டியல்ல அவங்க பேர் இருக்கானு பாருங்க. இல்லைன்னா ஒரு பைசா குடுக்காதீங்க.

இதையெல்லாம் தொடங்குறதுக்கு முன்னாடி, யார் கையெழுத்தும் வேண்டாத ஒண்ணு இருக்கு, அதை முதல்ல எடுங்க. ஸ்லைப்னரோட டேட்டாவும் அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல கார்பன் டை ஆக்சைடைப் பூமிக்குள்ள செலுத்தின டெகேட்டர் திட்டத்தோட டேட்டாவும் சிஓ2 டேட்டாஷேர்ங்கிற தளத்துல கிடைக்குது, லைசென்ஸ் நிபந்தனையை ஒத்துக்கிட்டு டவுன்லோட் பண்ணிக்கலாம். இதை விட்டுட்டு பழைய டேட்டாவுக்காக மத்தவங்க வாசல்ல நிக்கிறவங்களைப் பாத்தா வயிறு எரியுது.

இப்போ ஆலை வெச்சிருக்கறவங்களுக்கு. "எங்க நாட்டுல புதைக்க இடம் இல்ல, கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக் கடலுக்கு அடியில வெச்சிடலாம்"னு ஒரு கம்பெனி வந்து ஒப்பந்தம் நீட்டும். நடக்காத காரியம் இல்ல. 2023ல பெல்ஜியத்துலேர்ந்து கொண்டுபோய் டென்மார்க்கோட வடகடல் பகுதியில செலுத்திக் காட்டினாங்க. ஆனா கடல்ல கழிவு கொட்டறதைக் கட்டுப்படுத்துற லண்டன் நெறிமுறைனு ஒரு சர்வதேச ஒப்பந்தம் இருக்கு, அதோட 6வது பிரிவு கடல்ல கொட்டறதுக்காகக் கழிவை வேற நாட்டுக்கு அனுப்பறதைத் தடுக்குது. கார்பன் டை ஆக்சைடுக்கு விலக்கு குடுத்து 2009ல திருத்தம் போட்டாங்க, போதுமான நாடுகள் ஏத்துக்காததால அது அமலுக்கே வரல. அப்புறம் 2019ல, வேணுங்கிற நாடுகள் தற்காலிகமா அமல்படுத்திக்கலாம்னு வழி விட்டாங்க. அதுக்குச் சம்பந்தப்பட்ட நாடு சர்வதேசக் கடல்சார் அமைப்புகிட்ட அறிவிப்பு குடுக்கணும், அனுப்புற நாடும் வாங்குற நாடும் தங்களுக்குள்ள அனுமதிப் பொறுப்பு யாருக்குனு ஒப்பந்தம் போடணும். அனுமதிப் பொறுப்பு யாருக்குனு சொல்லாம, ரெண்டு மந்திரிகள் கை குலுக்கி எழுதின வெறும் எம்ஓயு, அதாவது புரிந்துணர்வுப் பேப்பர், இதுக்குப் போதாது. கம்பெனிக்காரங்க அந்த எம்ஓயுவைத்தான் காட்டுவாங்க. "அறிவிப்பு குடுத்தாச்சா, காப்பி குடுங்க"னு கேளுங்க, முகம் மாறுறது தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்துல ஆலை இருந்தா இன்னொரு குழி. அங்க ஆலை வெளிய விடுற ஒவ்வொரு டன்னுக்கும் உமிழ்வு அனுமதி காட்டணும், அந்தச் செலவு மிச்சமாகணும்னா, அவங்களோட 2009 சிசிஎஸ் சட்டத்துக்குக் கீழ அனுமதி வாங்கின இடத்துலதான் புதைக்கணும். வேற எங்கயோ மலிவா புதைச்சா வாயு பூமிக்குள்ள போயிருக்கும், ஆனா கணக்குல அது நீங்க வெளிய விட்டதாவே நிக்கும், கப்பலுக்கும் கட்டணும் உமிழ்வு அனுமதிக்கும் கட்டணும். நார்வே அந்தச் சட்டத்துக்குள்ள வருது, அதனாலதான் அங்க இருக்குற நார்தர்ன் லைட்ஸ்ங்கிற சேமிப்புத் திட்டம் பக்கம் எல்லாரும் ஓடுறாங்க.

கசிஞ்சா யார் பொறுப்புங்கிறதை ஒப்பந்தத்துல கடைசிப் பக்கத்துல குட்டி எழுத்துல வெச்சிருப்பாங்க. ஐரோப்பியச் சட்டத்துல, மூடினப்புறம் பொதுவா குறைஞ்சது 20 வருஷம் கழிச்சுத்தான் பொறுப்பு அரசாங்கத்துக்கு மாறும். நிறைய நாடுகள்ல இப்படி ஒரு சட்டமே இல்ல. சட்டம் இல்லாத இடத்துல ஒப்பந்தமும் பேசாம இருந்துச்சுன்னா, வெளிநாட்டுப் பார்ட்னர் பொட்டியைக் கட்டிட்டுப் போனப்புறம் கேள்வி உங்ககிட்டதான் வரும்.

வாயு செலுத்துற கிணத்துக்குப் பக்கத்துல நிலம் வெச்சிருக்கறவங்களுக்குத் தனியா சொல்றேன், ஏன்னா இந்த ஒத்துழைப்புப் பேச்சுல உங்களை யாரும் கூப்பிடப் போறதில்ல. அமெரிக்காவுல வடக்கு டகோட்டாவுலேர்ந்து கனடாவோட வேய்பர்ன் எண்ணெய் வயலுக்கு 2000லேர்ந்து குழாயில கார்பன் டை ஆக்சைடு போகுது, அங்க பூமிக்குள்ள செலுத்துறாங்க. 2011ல வேய்பர்ன் பக்கத்துல ஒரு விவசாயக் குடும்பம் எங்க நிலத்துல கசியுதுனு புகார் குடுத்தாங்க. அப்புறம் நடந்த சோதனைகள்ல அந்த மண்ணுல இருந்த வாயு இயற்கையா உருவானதுனு சொன்னாங்க. அந்த முடிவு எப்படியோ இருக்கட்டும், இந்த மாதிரிச் சண்டையில, செலுத்துறதுக்கு முன்னாடி எடுத்த அளவு கையில இருக்கறவன் பேச்சுதான் எடுபடும். அதனால செலுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்க கிணத்துத் தண்ணி, மண்ணுல இருக்குற வாயு ரெண்டையும் கம்பெனியோட சம்பந்தமில்லாத ஒரு லேப்ல, வேற வேற பருவத்துல அளந்து, ஒரிஜினல் ரிப்போர்ட்டை நீங்களே வெச்சுக்குங்க. கம்பெனி அளந்தா காப்பி குடுப்பாங்கனு வாய்வார்த்தையா ஒத்துக்காதீங்க, நிலத்துக்குள்ள கால் வைக்க அனுமதி குடுக்குற பேப்பர்லயே அதை எழுதி வாங்குங்க, அனுமதி குடுத்தப்புறம் கேட்டா ஒருத்தரும் போனை எடுக்க மாட்டாங்க.