லிங்க் கழற்றினால் கேஸ் சின்னதாகாது

"42 எம்எம் வாட்ச் வாங்கினேன், கையில நிக்கவே மாட்டேங்குது. ரெண்டு லிங்க் கழட்டிக் குடுங்க." இந்தப் பேச்சுக்கு முடிவே இல்லை. லிங்க் கழற்றினால் செயின்தான் குட்டையாகும். வாட்சின் கேஸ், அதாவது டயலும் மிஷினும் உட்கார்ந்திருக்கும் கூடு, அதே அளவில்தான் இருக்கும். மணிக்கட்டைத் தாண்டி அது நீட்டிக்கொண்டிருந்தால், எந்த ரிப்பேர்காரராலும் அதைச் செதுக்க முடியாது.

பெட்டியில் போட்டிருக்கும் எம்எம், கேஸின் குறுக்களவு மட்டுமே. பக்கத்தில் இருக்கும், நேரம் திருத்தும் சாவித் திருகுகூட அதில் சேராது. கையில் உட்காருமா உட்காராதா என்பதைத் தீர்மானிப்பது வேறோர் அளவு: ஸ்ட்ராப் மாட்டும் மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரை உள்ள நீளம். சீக்கோவின் எஸ்கேஎக்ஸ்007 வாட்சைப் பாருங்கள். குறுக்களவு 42.5 எம்எம். கொம்புகள் குட்டை என்பதால் நீளம் சுமார் 46-தான். 39 எம்எம் கேஸில் கொம்பை நீட்டி 49 ஆக்கிய வாட்சுகளும் உண்டு. சின்னக் கையில் இதைவிட அந்த 42.5 நன்றாக உட்காரும். எண்ணைப் பார்த்து "எனக்குப் பெருசு" என்று ஒதுக்குவதும் தப்பு, "என் கை தடிமன், 44 போடலாம்" என்பதும் தப்பு.

கையையும் சரியாக அளக்க வேண்டும். டேப்பைச் சுற்றி எடுக்கும் அளவு ஸ்ட்ராப் நீளத்துக்குத்தான் உதவும். ஒரே சுற்றளவுள்ள இரண்டு கைகளில் ஒன்று தட்டை, இன்னொன்று உருளை. மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, முழங்கைப் பக்கமாக, ஸ்கேலைக் குறுக்கே வைத்துத் தட்டையான பகுதியை மட்டும் அளந்துகொள்ளுங்கள். வாட்சின் நீளம் அதைவிட நாலைந்து எம்எம் குறைவாக இருப்பது நல்லது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அந்த நீளத்துக்குக் காகிதத் துண்டு வெட்டிக் கையில் வைத்துப் பார்க்கலாம். ஓரம் அந்தரத்தில் தொங்கினால் அந்த வாட்ச் வேண்டாம். செயின் வாட்சில் கேஸை ஒட்டிய முதல் லிங்க் மடங்காமல் விறைத்து நின்றால், அதையும் நீளத்தில் சேருங்கள்.

நீளம் மிஞ்சினால் ஸ்ட்ராப்புக்கும் தோலுக்கும் நடுவே சந்து விழும், வாட்ச் பக்கவாட்டில் சுழலும். அதை நிறுத்த இறுக்கிக் கட்டுவார்கள். பிறகு சாவித் திருகு புறங்கையில் குத்துகிறது என்று வருவார்கள்.

சதுர வாட்ச் அதே எம்எம் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரியும். கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமான பெசல் மெலிந்து டயல் ஓரம்வரை இருந்தாலும் அப்படித்தான். 13, 14 எம்எம் தடிமன் என்றால் முழுக்கைச் சட்டைக்குள் எளிதில் போகாது. செல்போனைக் கிட்டே வைத்து எடுத்த படத்தை நம்பாதீர்கள், எல்லாமே பெரிதாகத் தெரியும். கையைத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள்.

கொம்புகளுக்கு இடைவெளி 20 என்றால் ஸ்ட்ராப்பும் 20. 22-ஐத் திணித்தால் ஓரம் சுருங்கும், 18 போட்டால் பின்னில் அங்குமிங்கும் நகரும்.

லிங்க் கழற்றும் முன் பக்கிளின் பக்கத்தில் உள்ள சின்னத் துளைகளில் பின்னை நகர்த்திப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். செயினுக்குள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். வெயிலில் கை லேசாக வீங்கும் என்பதால் காலைக் குளிரில் கச்சிதம் பார்க்காதீர்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சமமாக, லிங்கின் உட்புறத்தில் அம்புக்குறி காட்டும் திசையில் பின்னைத் தள்ளுங்கள். ஆணியும் சுத்தியலும் தயவுசெய்து வேண்டாம். கழற்றிய லிங்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்; அதே மாடலுக்குத் தனி லிங்க் கிடைப்பது அரிது.