சஸ்பென்ஷன்: இடைநீக்கம் அல்ல, தாங்கமைப்பு

கார்களைப் பற்றிய தமிழ் இணையப் பக்கங்களில் 'முன்புற இடைநீக்கம்', 'பின்புற இடைநீக்கம்' என்ற சொற்களை அடிக்கடி காண்கிறேன். சக்கரங்களுக்கும் காரின் உடலுக்கும் நடுவே இருந்து எடையைத் தாங்கிக் குலுக்கலைக் குறைக்கும் சஸ்பென்ஷனைத்தான் அப்படி மொழிபெயர்க்கிறார்கள். ஊழியரை வேலையிலிருந்து நிறுத்திவைப்பதற்கு உரிய சொல் அது. சக்கரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. வீட்டிலேயே தன் காரைப் பார்த்துப் பழுது நீக்க முனைகிறவருக்கு அது எதையும் புரியவைக்காது. கைவிட வேண்டிய சொல்.

சஸ்பென்ஷன் என்பதன் வேர் லத்தீன் மொழியில் தொங்கவிடுதலைக் குறிக்கும் வினைச்சொல். பெண்டுலமும் அதே வேரில் பிறந்ததுதான். பழைய ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில், ஆட்கள் உட்காரும் பெட்டியைத் தடித்த தோல் வார்களால் சட்டத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். சாலையின் குலுக்கல் நேராகப் பெட்டிக்கு ஏறாமல் வார் தடுத்தது. 1804இல் ஒபதையா எலியட் என்ற ஆங்கிலேயர் நீள்வட்ட எஃகு வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வில்லின் மேல் பெட்டி உட்காரும் வழக்கம் பரவியது. வார் போன பிறகும் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஆகையால் 'தொங்கலமைப்பு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் சரியாகாது. இன்றைய காரில் எதுவும் தொங்கவில்லை.

இந்தப் பொருளுக்கு நம்மிடம் முன்பே ஒரு சொல் இருந்தது. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே எஃகுப் பட்டைகளை அடுக்கி வளைத்து வைத்த மாட்டுவண்டியை 'வில்வண்டி' என்றார்கள். வசதியுள்ள வீடுகளின் வண்டி அது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில், 1893இல் சமூகப் போராளி அய்யன்காளி துணிந்து ஓட்டிச் சென்றதும் வில்வண்டிதான். மலையாளத்தில் அது 'வில்லுவண்டி'. ஸ்பிரிங் என்பதற்கு 'வில்' என்றும், காயில் ஸ்பிரிங் என்பதற்குச் 'சுருள்வில்' என்றும் தயங்காமல் எழுதலாம்.

அப்படியானால் முழு அமைப்பையும் 'வில்லமைப்பு' என்றே சொல்லிவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. வில் அந்த அமைப்பின் ஓர் உறுப்பு மட்டுமே. வீட்டுக் கார்களில் அது அரிதாகவே கெடுகிறது. எடையைத் தாங்குவது, ஆட்டத்தை அடக்குவது, சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்துவைப்பது ஆகிய மூன்றையும் தழுவும் பெயராகத் 'தாங்கமைப்பு' எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஷாக் அப்சார்பர் என்ற பெயரும் ஆளைத் தவறான இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. குழியின் அடியை வாங்குவது வில். வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்து அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். உருளைக்குள் இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. பிரிட்டிஷ் பொறியாளர்கள் அதை 'டேம்பர்' என்பது இதனால்தான். தமிழில் 'தணிப்பி' என்பதே உண்மையான பெயர். 'அதிர்ச்சி உறிஞ்சி' அல்ல.

பெயர் தெளிந்தால் சோதனையும் தெளியும். காரின் ஒரு மூலையை உடல் எடை முழுவதும் கொடுத்து அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து அடங்கினால் பெரும்பாலும் தணிப்பி நலம். இரண்டு மூன்று முறை ஆடினால் அது தளர்ந்துவிட்டது. சில புதிய கார்களில் இந்தச் சோதனை மட்டும் போதாது. உருளையின் மேல் எண்ணெய் வழிந்திருக்கிறதா, டயர் ஆங்காங்கே பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

'டக் டக்' என்ற ஓசை வேறு கதை. மெதுவாகச் சிறு மேடுகளில் ஏறும்போது கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது லிங்க் ராடு. வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டைத் தாங்கமைப்போடு இணைக்கும் சிறு கம்பி அது. பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு தட்டல் கேட்டால், சக்கரத்தை அடிப்புறத்தில் காரின் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைச் சந்தேகியுங்கள். இவை இரண்டும் தணிப்பியின் உறுப்புகள் அல்ல, தாங்கமைப்பின் இணைப்புகளைச் சேர்ந்தவை. ஓசை வந்தவுடன் 'ஷாக் போய்விட்டது' என்று முடிவுகட்டி விலையுயர்ந்த தணிப்பியை மாற்றுவது வீண்செலவு.

சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, ஜாக் ஸ்டாண்டின் மேல் காரை நிறுத்திவிட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் கோளாறு சக்கர பேரிங்கில். அப்படியே நீடித்தால், லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டில். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆடினால் ஸ்டீயரிங் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை, தலை எதையும் விடாதீர்கள்.

வீட்டில் செய்யத் தக்க முதல் வேலை லிங்க் ராடு மாற்றுவது. மேலும் கீழுமாக இரண்டு நட்டுகள். அவற்றைக் கழற்றும்போது நடுத்தண்டும் சேர்ந்து சுற்றாமல் ஆலன் சாவியால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். லோயர் ஆர்மை மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: புஷ் போல்ட்டைக் காரின் எடை சக்கரத்தின் மேல் இறங்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும்.

முன்சக்கரத்தில் மட்டும் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். மாருதி ஸ்விஃப்ட் போன்ற பெரும்பாலான சிறு கார்களின் முன்புறத்தில் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருக்கிறது. தணிப்பியைச் சுற்றியே சுருள்வில்லும் அமைந்த ஒரே தொகுதி அது. உச்சியில் உள்ள நட்டு, அழுத்தப்பட்ட வில்லை அடக்கிவைத்திருக்கிறது. வில்லை முதலில் சுருக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அந்த நட்டைத் தளர்த்தினால் வில் ஆளைக் கொல்லும் விசையோடு பாயும். அந்தத் தொகுதியைப் பிரிக்கும் வேலையைக் கருவியும் பழக்கமும் உள்ள பட்டறைக்கு விட்டுவிடுங்கள். மாற்றும்போது இடம், வலம் இரண்டையும் ஒன்றாக மாற்றச் சொல்லி, முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் வீல் அலைன்மெண்ட்டையும் பார்த்துவிடுங்கள்.