கிரைடரை வைத்துக்கொள்வதா, விடுவதா?

நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2018 பிப்ரவரியில் தன் ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. அணியைப் புதிதாகக் கட்டப் போகிறோம், உங்களுக்குப் பிடித்த சிலர் போக வேண்டியிருக்கும் என்றது. சொன்னபடியே விங்கர் (பக்கவாட்டில் ஆடும் முன்கள வீரர்) ரிக் நாஷ் அந்த மாதமே பாஸ்டனுக்குப் போனார். மறு ஆண்டு மாட்ஸ் சுக்கரெல்லோ டாலஸுக்குப் போனார். அடுத்தவர் இன்னொரு விங்கரான கிறிஸ் கிரைடர் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. அவருடைய ஒப்பந்தம் 2020 கோடையில் முடிய இருந்தது. கையெழுத்திடாமல் கோடையைத் தொட்டுவிட்டால் அவர் பாட்டுக்கு வேறு அணிக்குப் போகலாம், ரேஞ்சர்ஸுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதற்கு முன்பே வேறு அணிக்குக் கொடுத்தால் இளம் வீரர்களும், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வாய்ப்புகளும் கிடைக்கும். வயதும் அப்போது 28. முன்கள வீரர்கள் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் உச்சத்தில் இருப்பார்கள். முப்பதைத் தாண்டினால் சட்டென்று வேகமெடுக்க உதவும் தசை நார்கள் மெல்ல மெல்லத் தேயத் தொடங்கும். விங்கருக்கு அந்தக் கால்தான் சொத்து.

ஆனால் 2020 பிப்ரவரி 24 அன்று, வீரர்களை மாற்றிக்கொள்ளக் கெடு முடியும் நாளில், ரேஞ்சர்ஸ் அவரோடு 7 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 4.55 கோடி டாலர். ஆண்டுக்கு 65 லட்சம், அதாவது ஓர் அணி தன் வீரர்களின் சம்பளத்துக்குச் செலவிட அன்று இருந்த உச்சவரம்பான 8.15 கோடியில் 8 சதவீதம்.

இது எப்படிச் சரியாகும்? என் பதில், கிரைடர் கோல் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. அவர் நிற்பது கோல்கீப்பரின் முகத்துக்கு நேரே. எதிரணிப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டுப் பக்கத்திலிருந்து சகவீரர் அடிக்கும் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு), மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், சுமார் 19 மீட்டரைக் கடக்க அரை வினாடி ஆகும். கோல்கீப்பருக்கு அது போதும். கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்க மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி வேண்டும். கிரைடரோ ஒன்றரை மீட்டர் முன்னால் மட்டையின் நுனியால் பக்கைத் தொட்டுத் திசையை மாற்றிவிடுகிறார். மிஞ்சுவது 0.04 வினாடி. இனி கோல்கீப்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. பக் தானாக வந்து அவர் மேல் பட்டால்தான் உண்டு.

இந்த வித்தைக்கு வேண்டியது கண்ணும் கையும், இடத்தை விட்டு நகராத உடம்பும். கால் வேகத்தைப்போல அவை சீக்கிரம் தளர்வதில்லை. ஆகவே வயது என்ன என்று கேட்பதைவிட, இவரிடம் இருக்கும் திறமைகளில் எது முதலில் தேயும் என்று கேட்பதுதான் சரி என்பேன். அப்புறம், அணி எப்போது எழும்பும் என்பதையும் பார்க்க வேண்டும். தேறிவர எட்டு ஆண்டு ஆகும் அணிக்கு, எப்பேர்ப்பட்ட வீரரானாலும் 28 வயதுக்காரரால் பலன் குறைவு. ரேஞ்சர்ஸ் 2022-லேயே கிழக்குப் பிரிவின் இறுதிக்கு வந்துவிட்டது. அந்த சீசனில் கிரைடர் 52 கோல் அடித்தார், அதில் 26 பவர் பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில்.

சரி, உடம்பு என்றைக்கும் அப்படியே இருக்குமா? 2024-25 சீசனில் முதுகுவலி படுத்தியது. 68 ஆட்டங்களில் 22 கோல்தான். 2025 ஜூனில், 34 வயதில், அவரை அனஹைமுக்குக் கொடுத்தார்கள். கூடவே ஒரு நான்காம் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் போனது. பதிலுக்கு வந்தவை இளம் வீரர் கேரி டெரன்ஸும் ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்பும்தான்.