இந்தக் குழாய் யார் வீட்டுக்கடியில் போகிறது?

வெள்ளவத்தையில் பெரியம்மாவின் வீட்டை விற்கப் பேச்சு நடந்தபோது, வாங்க வந்தவர் கேட்ட ஒரு கேள்விக்கு வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. "ட்ரெய்னேஜ் லைன் தனியா, பொதுவா?"

தாத்தாவின் 20 பேர்ச் காணியை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்தபோது உறுதியில் எல்லை எழுதப்பட்டது, பாதை எழுதப்பட்டது, கழிவுநீர்க் குழாய் மட்டும் எழுதப்படவில்லை. கொழும்பின் பழைய ஒழுங்கைகளில் இது வழமை. முன்னால் இருந்த பெரிய வீட்டுக்கு மட்டும் இணைப்பு இருக்கும். பின்னால் எழும்பிய வீடுகளின் குழாயை மேசன் பாஸ், பக்கத்தில் இருந்த மான்ஹோலில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். அவருக்குப் பிறகு அது யாருக்கும் தெரியாது.

தோண்டாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். முதல் வேலை சாயம். புளோரசீன் என்ற ஆரஞ்சு நிறத் தூளைச் சிறிது கொமட்டில் போட்டுத் தண்ணீர் அடித்தால், அது போகும் வழியில் உள்ள மான்ஹோலில் பளீரென்ற பச்சை தெரியும். இது நீல ஒளியை உறிஞ்சி, அதன் சக்தியில் ஒரு பகுதியை வெப்பமாக இழந்து, மிச்சத்தைப் பச்சை ஒளியாக வெளியே விடும். சாதாரணச் சாயங்கள் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சி நிறம் காட்டும். இது தானே ஒளிரும். நம் கண் நன்றாக உணரும் நிறமும் பச்சைதான். அதனால் அழுக்குத் தண்ணீரில் எவ்வளவோ கரைந்து போனாலும் கண்ணுக்குப் பிடிபடும். கருவிழியின் மேல்படலத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கண் டொக்டர் விடும் சொட்டும் இதே பொருள்தான்.

1877இல் ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் தண்ணீர் ஓரிடத்தில் நிலத்துக்குள் மறைந்து எங்கே போகிறது என்று அறிய, 10 கிலோ சாயத்தை அதில் கரைத்தார்கள். ஏறக்குறைய 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஆக் ஊற்று பச்சையாக ஓடியது. ஒரு நதிக்குச் செய்ததையே நாம் ஒரு குளியலறைக்குச் செய்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. அமிலம் கலந்த கொமட் கிளீனர் இந்த ஒளிர்வை மங்கவைக்கும், குளோரின் சாயத்தையே அழித்துவிடும். ஆகவே அன்றைக்குக் கழிப்பறை கழுவாதீர்கள். சாயம் வரவில்லை என்பதற்காக இணைப்பு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. குழாய் உடைந்து மண்ணுக்குள் கசியலாம், நடுவில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கி நிற்கலாம். இரண்டு மூன்று வாளி ஊற்றிப் பொறுத்துப் பாருங்கள்.

எங்கள் சாயம் முன்வீட்டு மான்ஹோலில் எழும்பியது. சரி, பொது லைன்தான். ஆனால் இடையில் எந்த வழியாக, எவ்வளவு ஆழத்தில்?

இதற்குத்தான் குழாய்க்குள் தள்ளிவிடும் கமெரா. அதன் தலையில் ஒரு சின்னக் கம்பிச்சுருள், செக்கனுக்கு 512 முறை முன்னும் பின்னுமாக ஓடும் மின்னோட்டத்தோடு இருக்கும். அதன் காந்தப்புலம் மண்ணையும் கொங்கிரீட்டையும் தாண்டி மேலே வரும், இந்தத் தாழ்ந்த அதிர்வெண் பழைய வார்ப்பிரும்புக் குழாயையும் கடக்கும். 512 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதன் மடங்குகளான 500க்கும் 550க்கும் இடையில் விழுவதால் மின்வயர்களின் இரைச்சலோடு இது குழம்பாது.

மேலே ஒருவர் அந்தப் புலத்தை உணரும் கருவியைக் கையில் பிடித்து நடப்பார். அதில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுருள்கள். தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். சுருள்களுக்கிடையே அரை மீற்றர் இருந்து, கீழ்ச்சுருளின் அளவு மேல்ச்சுருளைவிட 8 மடங்கானால் கமெரா அரை மீற்றர் ஆழத்தில் இருக்கிறது; 3.4 மடங்கானால் ஒரு மீற்றர். ஒரு விகிதம் போதும், ஆழம் கிடைத்துவிடும். எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

குழாய் முன்வீட்டுக் குசினிக்கு அடியில் போனது.

பொதுக் குழாய் அடைத்தால் கழிவு வெளியே வருவது அடைத்தவர் வீட்டில் அல்ல, அடைப்புக்கு மேற்பக்கமாக ஆகத் தாழ்வான திறப்பு எங்கே இருக்கிறதோ அங்கே. தண்ணீர் அப்படித்தான். சகோதரங்களுக்குள்ளேயே வருஷக்கணக்கில் பேச்சு நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன். "பத்து வருஷமாக ஓடுது, இனி எங்கள் உரிமை" என்று சொல்வதிலும் அவசரப்படக் கூடாது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டம் பத்து ஆண்டு என்று சொல்கிறதுதான். ஆனால் அண்ணன் அனுமதித்து ஓடவிட்ட குழாய்க்கு அந்தக் கணக்குச் சரிவராது.

அதனால் நில அளவையாளர் குழாயின் பாதையையும் ஆழத்தையும் படத்தில் புள்ளிக்கோடாக வரைந்தார். அடைப்பு எடுக்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்று முன்வீட்டு மாமாவோடு பேசி, நொத்தாரிசு முன்னால் எழுதிப் பதிவு செய்தோம். அப்புறம்தான் வாங்க வந்தவருக்குப் பெரியம்மா போன் எடுத்தார்.