பழைய டீசல் வண்டி புகைச் சோதனையில் ஃபெயிலா? சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

டீசல் வண்டிக்கு வயது ஏற ஏறக் கரும்புகை கூடும். இன்ஜெக்டர் முனை தேய்ந்தால் டீசல் தூவலாக வராமல் சொட்டும்; ஏர் ஃபில்டர் அடைக்கும்; டர்போ ஹோஸ் விரிசல் விட்டுக் காற்று கசியும். சரியாக எரியாத டீசல்தான் அந்தக் கரி. புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும்; அதற்கு ஃபில்டர் மாற்றிப் பயனில்லை.

புகைச் சோதனைச் சான்று (பி.யு.சி.) வாங்குவதில் புது வண்டிக்கு முதல் ஓராண்டு விலக்கு. பிறகு பி.எஸ். 4, பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் எனும் மாசு விதிநிலை) வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஒரு சான்று, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) இருந்தாலும் இது தனியாக வேண்டும்.

சிக்கல் ஆர்.சி.யிலேயே (பதிவுச் சான்று) தொடங்கும். புகை வரம்பு (ஒரு மீட்டருக்குப் புகை ஒளியை உறிஞ்சும் அளவு) பி.எஸ். நிலையைப் பொறுத்தது: பி.எஸ். 3 வரை 2.45, பி.எஸ். 4-க்கு 1.62, பி.எஸ். 6-க்கு 0.7. அரசின் ‘வாகன்’ இணையப் பதிவில் பி.எஸ். நிலை தப்பாகவோ காலியாகவோ கிடந்தால் ஓராண்டுச் சான்றுக்குப் பதில் ஆறு மாதச் சான்று வரலாம். சோதனை மையத்தில் சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். ‘நாளைக்கு வாங்க’ என்றாலும் மனுவுக்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் செல்பேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் சோதனை பற்றிய குறுஞ்செய்தி முந்தைய உரிமையாளருக்குப் போகும்.

ஃபெயில் ஆனால் ‘ஏதாவது பார்த்துச் செய்யலாம்’ என்ற பேச்சு எழும். காசை எடுக்காதீர்கள். 2021 விதிப்படி காரணத்தோடு நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும். அதைக் காட்டி வண்டியைச் சரிசெய்யலாம். கருவி மீது சந்தேகம் என்றால் வேறு மையத்தில் சோதிக்கலாம். வாய்வார்த்தையாக ‘ஃபெயில்’ என்பது கணக்கில் வராது.

சோதனைக்கு முன் இருபது நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்குங்கள். வெகுநேரம் ஐடிலில் நின்ற வண்டியின் சைலன்சரில் படிந்த கரி, முதல் மிதியிலேயே மீட்டரை ஏற்றிவிடும். சோதனையில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை முழுதாக, பலமுறை மிதிப்பார்கள். இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும் கெடு தாண்டியிருந்தால் அங்கேயே அறுந்து இன்ஜின் போகலாம். பெல்ட்டை முதலில் மாற்றுங்கள்.

சான்று இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமத்துக்கும் மூன்று மாதத் தடை. அந்தப் பயத்தில் சிலர் இ.ஜி.ஆர். வால்வை (புகையில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்புவது) அடைத்துவிடுகிறார்கள். புகை குறையும், சோதனையிலும் பாஸ் ஆகும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு எகிறும். அதை இந்த மீட்டர் அளப்பதே இல்லை.