ஆறு புள்ளி வெளியே, மூன்று புள்ளி உள்ளே

தெல்லிப்பழையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஹங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் பெண்கள் உதைபந்தாட்டத்தில் வியட்நாம் இரண்டு ஆட்டம் வென்று 6 புள்ளி எடுத்தது. தாய்லாந்தும் உஸ்பெகிஸ்தானும் ஆளுக்கொரு ஆட்டம்தான் வென்றன. அவை காலிறுதிக்குப் போக, வியட்நாம் ஊருக்குப் போனது. இதென்ன கணக்கு?"

மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணங்களைத் தூக்கிவந்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் அதிசயம். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

2022இல் நடக்கவேண்டிய விழா 2023 செப்டெம்பர், ஒக்டோபரில் நடந்தது. பெண்கள் உதைபந்தாட்டத்துக்கு 17 அணிகள், ஐந்து குழுக்கள். 17ஐ ஐந்தால் சரியாகப் பிரிக்க முடியாது. எனவே இரண்டு குழுக்களில் நான்கு அணிகள், மூன்று குழுக்களில் மூன்று. பிறகு கம்போடியா விலக, ஒரு குழுவில் வட கொரியாவும் சிங்கப்பூரும் மட்டும் மிஞ்சின. அவை இரண்டும் தங்களுக்குள் இரண்டு தடவை மோதின: 7–0, 10–0. காலிறுதிக்கு எட்டு இடம். குழு முதல்வர்கள் ஐந்து பேர். மிச்ச மூன்று இடங்களுக்கு இரண்டாமிடக்காரர் ஐவரில் சிறந்த மூவர்.

ஒரே குழுவுக்குள் வரிசைப்படுத்துவது எல்லோருக்கும் தெரிந்ததே. வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, புள்ளி ஒன்றானால் தமக்குள் ஆடிய ஆட்டம், பிறகு கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தது. குழு விட்டுக் குழு பார்க்கும்போதுதான் சிக்கல். நான்கு அணிக் குழுவில் ஓர் அணி மூன்று ஆட்டம் ஆடும். மூன்று அணிக் குழுவில் இரண்டே ஆட்டம். மூன்று பாடம் எடுத்தவரின் கூட்டுத்தொகையையும் இரண்டு பாடம் எடுத்தவரின் கூட்டுத்தொகையையும் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று கேட்பதுபோல. அதற்கு ஒரு வைத்தியம் உண்டு: நான்கு அணிக் குழுவில் நாலாவதாக வந்த அணியுடன் ஆடிய ஆட்டத்தை அழித்துவிடுவது. புள்ளியும் போகும், கோல்களும் போகும். எல்லோர் பெயரிலும் இரண்டு ஆட்டம் மிஞ்சும்.

இனி வியட்நாமின் தாளைப் பாருங்கள். நேபாளத்தை 2–0, பங்களாதேஷை 6–1 என்று வென்றது. ஜப்பானிடம் 0–7 என்று தோற்றது. அந்தக் குழுவில் நேபாளமும் பங்களாதேஷும் தமக்குள் 1–1 என்று சமநிலை. ஆளுக்கு ஒரு புள்ளி. கோல் வித்தியாசம் நேபாளத்துக்கு −10, பங்களாதேஷுக்கு −13. ஆகவே நாலாமிடம் பங்களாதேஷுக்கு. அதோடு வியட்நாமின் 6–1 வெற்றி முழுவதும் அழிந்தது. மிஞ்சியது 2–0, 0–7: மூன்று புள்ளி, −5. தாய்லாந்து இந்தியாவை 1–0 என்று வென்று, சீன தாய்பேயிடம் 0–1 என்று தோற்றது: மூன்று புள்ளி, 0. உஸ்பெகிஸ்தான் மொங்கோலியாவை 6–0 என்று வென்று, சீனாவிடம் 0–6 என்று தோற்றது: மூன்று புள்ளி, 0. தென் கொரியாவிடம் 1–5 என்று அடிவாங்கிய பிலிப்பைன்ஸும், தன் குழுவின் நாலாம் அணியைக் கழித்த பிறகு −5ஐவிட மேலேயே நின்றது. சிங்கப்பூருக்குப் புள்ளியே இல்லை. ஐவரில் வியட்நாம் நாலாவது. மூன்று இடம்தான்.

இதில் ரசிக்கவேண்டிய இடம் அந்த 1–1. வியட்நாமின் எந்த வெற்றி அழியும் என்பதை வியட்நாம் தீர்மானிக்கவில்லை, அது ஆடாத ஒரு ஆட்டம் தீர்மானித்தது. பங்களாதேஷ் நேபாளத்தை வென்றிருந்தால் நாலாமிடம் நேபாளத்துக்கு. அப்போது அழிவது 2–0. மிஞ்சுவது 6–1, 0–7: −2. அப்போதும் தாய்லாந்தையும் உஸ்பெகிஸ்தானையும் எட்டியிராது. ஆனால் வேறெங்கோ விழுந்த ஒரு கோலால் வியட்நாமின் கணக்கு மூன்று கோல் அசைந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த விழாவில் மொங்கோலியா சீனாவிடம் 16, உஸ்பெகிஸ்தானிடம் 6 என 22 கோல் வாங்கியது, ஒன்றும் அடிக்கவில்லை. அந்த மொங்கோலியாவை வென்ற 6–0 உஸ்பெகிஸ்தானுக்கு முழுதாக எண்ணப்பட்டது. ஏனெனில் மொங்கோலியா தன் குழுவில் கடைசியே தவிர நாலாவது அல்ல. விதி அழிப்பது பலவீனமான அணியை அல்ல, நாலாம் நம்பரை. ஆட்ட எண்ணிக்கை சமனாகிவிட்டது, எதிராளியின் பலம் சமனாகவில்லை.

அழிப்பதற்குப் பதிலாக ஆட்டமொன்றுக்கான சராசரிப் புள்ளியை எடுத்திருந்தால்? வியட்நாமுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் தலா 2. தாய்லாந்துக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் 1.5. கடைசி இடத்துக்கு இவை இரண்டும் கோல் வித்தியாசத்தில் சமன், அடித்த கோலில் உஸ்பெகிஸ்தான் 6, தாய்லாந்து 1. ஆகவே வியட்நாம் உள்ளே, தாய்லாந்து வெளியே. பந்தை ஒருவரும் தொடாமல் காலிறுதி அணி மாறிவிடுகிறது. சராசரியும் தெய்வ வாக்கு அல்ல. நான்கு அணிக் குழுவில் ஒரு சோப்ளாங்கி இருந்தால் அது மற்றவர்களின் சராசரியைச் சும்மா உயர்த்தும்.

உயர்தரப் பரீட்சை எழுதியவர்களுக்கு இந்த நோய் பரிச்சயம். ஒரு பாடத்தின் 70உம் இன்னொரு பாடத்தின் 70உம் ஒன்றல்ல என்பதால்தான் இசட் புள்ளி வந்தது. புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவால், வகுக்கிறோம். அதற்கு ஆயிரக்கணக்கான பரீட்சார்த்திகள் வேண்டும். மூன்று ஆட்டத்தில் நியம விலகல் பார்ப்பது ஒரு சொட்டு மழையில் பருவநிலை பார்ப்பது. உதைபந்தாட்டத்தில் இதற்குக் கிட்ட வருவது பீஃபாவின் தரவரிசை. எதிராளி எவ்வளவு பலசாலி என்பதை நிறுத்துப் பார்க்கும் ஈலோ முறையில் பெண்கள் பட்டியல் 2003 முதலே கணிக்கப்படுகிறது. ஆண்கள் பட்டியல் அந்த வழிக்கு வர 2018 ஆனது. இந்த ஒரு விடயத்தில் பெண்கள் பக்கம் 15 வருடம் முன்னால் நின்றது, அதைச் சொல்லுவார் இல்லை.

பெண்கள் போட்டிகளில் இந்தச் சிக்கல் கூடுதலாகக் கடிப்பதற்குக் காரணம் காசு. ஆசியாவில் ஒருசில நாடுகளே பெண்கள் அணிக்கு ஒழுங்காகச் செலவழிக்கின்றன. மற்ற நாடுகளில் பிள்ளைகள் ஆண்கள் பழகி முடித்த மைதானத்தில் மிச்ச வெளிச்சத்தில் ஓடுகிறார்கள். விளைவு 16–0, 10–0. இப்படி விரிந்து கிடக்கும் எண்களில் கோல் வித்தியாசம் அளப்பது உங்கள் திறமையை அல்ல, உங்கள் குழுவில் ஜப்பான் இருந்ததா என்பதை. அதே வருடம் ஓகஸ்டில் உலகக் கிண்ணத்தில் நெதர்லாந்திடமும் வியட்நாம் 0–7 என்றுதான் தோற்றது. அப்போது ஏற்கெனவே இரண்டு தோல்வி, கோல் கணக்கால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஹங்சோவில் அதே எண் கழுத்தை அறுத்தது.

பயிற்றுநருக்கு இதிலிருந்து வரும் வேலை தெளிவானது. பலமான அணியிடம் 0–3 என்று பின்னிற்கும்போது "ஒரு கோலாவது திருப்புவோம்" என்று எல்லோரையும் மேலே அனுப்பவேண்டாம். முன்னேறினால் ஒரு கோல் அடிக்கும் வாய்ப்பு, இன்னொன்று வாங்கும் வாய்ப்பைவிடப் பெரிதா என்பதே கேள்வி. ஜப்பானுக்கு எதிராகப் பெரிதல்ல. பின்வரிசையை இறுக்கி 0–3இலேயே முடியுங்கள். வியட்நாம் 0–2உடன் தப்பியிருந்தால் அதன் கணக்கு 0. மறுபக்கம், நான்கு அணிக் குழுவில் நாலாவதாக வரப்போகும் அணிக்கு எதிராக ஆறாவது கோலுக்காக முன்னணி வீராங்கனையை 90 நிமிடம் ஓடவிடுவதும் வீண். அந்தக் கோல் அழியப்போவது. அவரது களைப்பு அழியாது.

இவை எல்லாம் சமனானால் மஞ்சள், சிவப்பு அட்டைகளை எண்ணுவது வழமை: மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு மூன்று. அதுவும் சமனானால் திருவுளச்சீட்டு. இரண்டு சீட்டு என்றால் வாய்ப்பு அரைக்கு அரை. அணித்தலைவி எந்தக் கையால் எடுத்தாலும், கையில் எந்தக் கோயில் நூல் கட்டியிருந்தாலும் அரைதான். நூலுக்கும் தேசிக்காய்க்கும் போகிற காசில் இரண்டு பந்து வாங்கலாம்.

நம்மூர்ச் சுற்றுப்போட்டிகளிலும் இதே கதை வரும். 11 அணி வந்தால் 4, 4, 3 என்று பிரிப்பீர்கள். அரையிறுதிக்கு மூன்று முதல்வர்களும் சிறந்த ஓர் இரண்டாமிடமும். அழிப்பதா, சராசரியா என்பதைக் குலுக்கலுக்கு முன்னரே எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். குழுவுக்குள் வரிசை போடும்போது எல்லா ஆட்டங்களையும் எண்ணவேண்டும். அழிப்பது இரண்டாமிடக்காரரை ஒப்பிடும் தனித்தாளில் மட்டும். இதைக் குழப்பித்தான் அநேகமாகச் சண்டை வருகிறது.

மூன்று அணிக் குழுவில் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி சும்மா இருக்கும், மற்ற இரண்டுக்கும் என்ன முடிவு தேவை என்பது முன்கூட்டியே தெரியும். 1982 உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் 1–0 என்று ஒப்புக்கு ஆடி அல்ஜீரியாவை வெளியேற்றிய பிறகு, கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் வைக்கிறார்கள். மூன்று அணிக் குழுவில் அது முடியாது. முதல் ஆட்டத்தில் தோற்ற அணியையே இரண்டாவது ஆட்டத்தில் இறக்குங்கள், கடைசி ஆட்டம் ஒப்புக்கு நடக்கும் வாய்ப்புக் குறையும்.

நான்கு அணிக் குழுவில் ஒன்று இடையில் விலகினால் அதன் முடிவுகள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். அந்தக் குழு இப்போது மூன்று அணிக் குழு. அதற்குப் பிறகும் கடைசி அணியின் ஆட்டத்தை இன்னொருமுறை அழித்தால், இரண்டாமிடக்காரருக்கு மிஞ்சுவது ஒரேயொரு ஆட்டம், அதுவும் அநேகமாக அவர் தோற்ற ஆட்டம்.